ஒட்டு நகம்

மார்கிரட் மச்சாள் அந்தப் பெட்டியைத் திறந்தபோது நான் ஓரடி பின்னுக்குப் போனேன். உள்ளே பஞ்சின் மேல் வரிசை வரிசையாக நகங்கள். விரல் இல்லை, கை இல்லை, வெறும் நகங்கள். யாரோ பிரேதங்களிலிருந்து பிடுங்கிக் கழுவிக் காயவைத்து அடுக்கியது போல இருந்தது. மச்சாளோ கோவிலில் புனிதரின் திருப்பண்டம் காட்டுகிற பாவனையில் பெட்டியை என் அம்மாவின் மூக்குக்குக் கீழே நீட்டி, எல்லாம் பிளாஸ்ரிக்தான், பாரிசில் இப்போது பெண்கள் தங்கள் நகத்தின் மேல் இதைத்தான் ஒட்டுகிறார்கள் என்றாள்.

அவளை நான் மச்சாள் என்பது, அவளுடைய தம்பி வின்சன்ற்றுக்கு என்னைப் பேசியிருந்தபடியால். என்னைவிட மூத்தவள். மரியாதையாக எழுதத்தான் பார்க்கிறேன், பேனை மாட்டேன் என்கிறது. ஆகவே அவள் என்றே இருக்கட்டும்.

இந்திய இராணுவம் கப்பலேறிப் போய், கொழும்புப் பாதை திறந்திருந்த அந்தச் சில மாதங்களில் அவள் பாரிசிலிருந்து யாழ்ப்பாணத்துக் குருநகருக்கு வந்திருந்தாள், தம்பிக்காக எனக்கு மோதிரம் போட. மாப்பிள்ளை வெளிநாட்டில் என்றால் எங்கள் பகுதியில் அப்படித்தான். அவனுடைய சகோதரி அவனுக்காக மோதிரம் போடுவாள். சுவாமியார் செபம் சொல்லுவார். படக்காரர் மோதிரக் கையைக் கிட்ட வைத்துப் படம் பிடிப்பார். அந்தப் படம் மாப்பிள்ளைக்குப் போகும். அவன் மனம் நிறைந்தால் பெண்ணைக் கூப்பிடுகிற அலுவல் தொடங்கும்.

முதலில் அனுப்பிய ஒரு படத்தில் நான் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்த வின்சன்ற் என் முகத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், பெர்னடெட்டின் கை, அதாவது என் கை, ஏன் அப்படிக் கிடக்கிறது என்று கேட்டானாம். மச்சாள் இதை எங்கள் வீட்டு வாங்கில் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னாள்.

என் கை வேறு எப்படிக் கிடக்கும்? அப்பா நீக்கிலாப்பிள்ளை விடியற்காலையில் நண்டு வலையோடு கரைக்கு வந்தால், அம்மாவும் நானும்தான் வலையிலிருந்து நண்டு கழற்றுவோம். நண்டின் காலில் சுற்றிய நூலை நகத்தால் கிளப்பவேண்டும். கத்தி வைத்தால் வலை அறுந்துவிடும். உப்புத் தண்ணீரிலும் நண்டு முள்ளிலும் கிடந்து என் நகங்கள் பாதி தேய்ந்து, மீதி பிளந்து, இடுக்கில் கறுப்பாகக் கோடு விழுந்திருந்தன. எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத வாடை வேறு. வின்சன்ற்றின் தாயும் நண்டு கழற்றித்தான் அவனை வளர்த்தார். அந்தக் கை பிசைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவனுக்கு, பாரிசுக்குப் போனதும் என் கை கண்ணில் குத்திவிட்டது. சீ என்று போய்விட்டது எனக்கு.

அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எனக்கு அவனைப் பிடித்திருந்தது, அதை மறைத்து என்ன பயன்? கோவில் பாட்டுப் பூசையில் அவன் பாடுகிற குரல் கேட்கவேண்டும் என்பதற்காகவே நேரத்தோடு போய் முன்வாங்கைப் பிடித்தவள் நான். அவன் நாட்டைவிட்டுப் போன பிறகு வந்த சம்பந்தங்களை எல்லாம் ஏதாவது நொட்டை சொல்லித் தட்டிக் கழித்தேன். கடைசியில் அவனையே பேசி வந்தபோது, நகத்தில் போய் இந்தக் கலியாணம் முறியவேண்டுமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆகவே அந்தப் பிண நகங்களைப் பார்த்துக்கொண்டு, ஒட்டுவதா விடுவதா என்று யோசித்தபடி இருந்தேன்.

யோசிக்க விட்டார்களா? நான் ஓம் என்று சொல்லுமுன்பே வீட்டில் எந்த வடிவம் என்ற வழக்குத் தொடங்கிவிட்டது. பெட்டியில் மூன்று வடிவம் இருந்தது. நுனி நேராக வெட்டிய சதுரம்தான் புதுசு என்று மச்சாள் நின்றாள். தன் நாக்கில் ஒன்றைத் தொட்டு ஈரமாக்கி என் விரலில் வைத்தும் காட்டினாள். அவளுடைய எச்சில் என் விரலில் வழிந்தது. என் குட்டை விரலில் அந்த நகம் மண்வெட்டி போல இருந்தது. கூர் நுனி நகத்தைப் பேதுரு அண்ணை எடுத்துப் பார்த்து, நண்டுக்கால் மாதிரிக் கிடக்கு, இவளைப் பிறகு நாங்கள் வலையிலிருந்து கழற்றவேண்டி வரும் என்றார். அவர் என் தமையன், கரையில் படகு திருத்துகிறவர். அவருடைய பகிடிக்கு அவரே சிரித்து முடித்தார்.

அம்மா, அற்புதராணி, ஒருவரோடும் வாதாடவில்லை. மேசையில் இருந்த மாதா சுரூபத்தை எடுத்து வந்து, மாதாவின் விரலைப் போல நீள்வட்டமாக இருந்தால்தான் குடும்பப் பெண்ணுக்கு அழகு என்றார். நான் உற்றுப் பார்த்தேன். அந்தச் சுரூபத்துக்கு நகமே கீறியிருக்கவில்லை. அப்பாவிடம் பெட்டியைக் காட்டினார்கள். அவர் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு முற்றத்துக்குப் போய் வெற்றிலையைத் துப்பினார். அந்த வீட்டில் புத்தியோடு நடந்தவர் அவர் ஒருவர்தான்.

மூன்றையும் நான் விரலில் வைத்துப் பார்த்தேன். நீள்வட்டத்தைத் தெரிந்தெடுத்தேன். வடிவாக, அழகாக இருந்தது என்று இல்லை, மூன்றிலும் குறைவாகக் குமட்டியது அதுதான்.

மோதிரம் போடுகிற நாளுக்கு முதல் நாள் பின்னேரம் ஒட்ட இருந்தோம். பெட்டியோடு வந்த பசை, பஸ்ஸில் வந்த வெக்கையில் குழாய்க்குள்ளேயே கல்லாகியிருந்தது. கடதாசி ஒட்டுகிற பசையை வாங்கி வந்து ஒட்டினோம். நான் சொதி வைத்து முடிக்கிறதற்குள் நகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒன்று சட்டிக்குள் விழுந்துவிட்டது. அம்மா அகப்பையால் துழாவி அதை எடுத்து, சீலைத் தலைப்பில் துடைத்து, திரும்ப என்னிடம் நீட்டினார். அன்றைக்கு நான் சொதி விட்டுச் சாப்பிடவில்லை. மற்ற எல்லாரும் சாப்பிட்டார்கள்.

அப்போதுதான் பேதுரு அண்ணை பைபர் படகின் ஓட்டை அடைக்கிற பசையைக் கொண்டுவந்தார். ஒரு டின்னில் தேன் போன்ற பசை, ஒரு சின்னப் போத்தலில் அதை இறுக்குகிற மருந்து. இரண்டையும் கலந்தால் கொஞ்ச நேரத்தில் கல்லாக இறுகிவிடும். கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்கள் தெருவில் ஒருவருக்கும் அப்படித் தெரியவில்லை. அங்கே உடைந்தது எதுவானாலும் அந்தப் பசைதான். வாளி, கதிரைக் கால், ஒருமுறை கோவில் அந்தோனியார் சுரூபத்தின் கைகூட அதால்தான் ஒட்டியது.

"கடலுக்கை கிடந்தாலும் கழலாது, பயப்பிடாதை" என்றார் அண்ணை.

அவசரத்தில் மருந்தை அளவுக்கு மிஞ்சி விட்டுவிட்டார். மூக்கைத் துளைக்கிற நாற்றத்தோடு பசை இறுகத் தொடங்கியது, இறுக இறுகச் சுட்டது. பத்து விரலும் ஒரேயடியாக அடுப்புக்குள் இருப்பது போல நான் துள்ளினேன். இறுகும்போது அது சுடும் என்பது அண்ணைக்குத் தெரியும். படகு கத்தாது என்றபடியால் அவர் அதை யோசிக்கவில்லை. மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஆடாதே, கோணலாகப் போய்விடும் என்றாள்.

மறுநாள் மோதிரம் ஏறியது. படக்காரர் என் கையை ஒரு வெல்வெற் துணியில் கிடத்தி, அந்தக் கைக்குத் தனியாக உயிர் இருப்பது போல அதோடு கதைத்துக் கதைத்துப் படம் எடுத்தார். வந்தவர்கள் எல்லாரும் வடிவு வடிவு என்றார்கள். நான் சோற்றைப் பிசைந்தபோது சோறும் குழம்பும் நகத்துக்குள் அடைந்து நின்றன. ஈர்க்குக் குச்சியால் கிண்டி எடுக்கவேண்டி வந்தது, எடுத்த பிறகும் புளித்த வாடை நின்றது. கக்கூசுக்குப் போனால் கழுவுவது எப்படி என்று அந்த நகத்தைச் செய்தவர்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. மச்சாளிடம் கேட்டேன். அங்கே கடதாசிதான் என்றாள். எங்களிடம் ஏது கடதாசி? என் கையை என் வாய்க்குக் கொண்டுபோக எனக்கே அருவருத்தது. கரண்டியால் சாப்பிட்டேன்.

படத்தை, திரும்பிப் போகிற ஒரு பாரிஸ்காரரின் கையில் கொடுத்தனுப்பினார்கள். கொஞ்ச நாள் கழித்து மச்சாள் யாழ்ப்பாண ரவுணுக்குப் போய் ரெலிபோனில் தம்பியோடு கதைத்துவிட்டு வந்தாள். வின்சன்ற்றுக்குப் படம் நல்லாகப் பிடித்துவிட்டதாம். இப்போதுதான் கை கை மாதிரிக் கிடக்கிறது என்றானாம். நான் பாரிசுக்குப் போய்ச் சேருமட்டும் நகத்தைக் கழற்றவேண்டாம் என்றானாம். கேட்டவுடன் ஒரு கணம் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை. அடுத்த கணம் என் கையைப் பார்த்தேன். அவனுக்குப் பிடித்தது பிளாஸ்ரிக்கும் படகுப் பசையும். அதற்குள் நான் எங்கே இருந்தேன்?

அவன் சொல்லாவிட்டாலும் அவை கழலப்போவதில்லை. வெந்நீரில் ஊறவைத்துப் பார்த்தேன், மண்ணெண்ணெயில் வைத்துப் பார்த்தேன். பேதுரு அண்ணை படகு தேய்க்கிற அரத்தாளால் தேய்த்தார், தோல்தான் உரிந்தது. இதற்குள் மோதிர விரலின் நகத்துக்குக் கீழே தண்ணீர் இறங்கிப் புழுங்கி, பச்சையாக ஒன்று படர்ந்திருந்தது. பிறகு விரல் வீங்கியது. நகச்சுற்று என்று அம்மா தேசிக்காயை, எலுமிச்சம்பழம்தான், குடைந்து விரலில் தொப்பியாக மாட்டிவிட்டார். தேசிக்காய்க்குள் சீழ் கட்டி, கழற்றும்போது செத்த மீன் வாடை வீசியது. நண்டுக் குவியலுக்குள் பிறந்து வளர்ந்த எனக்கே அந்த மணம் பொறுக்கவில்லை. விரல் கத்தரிக்காய் போலக் கறுத்து, மோதிரம் சதைக்குள் புதைந்தது.

அப்போதும் வீட்டில் கதைத்தது மோதிரத்தைப் பற்றித்தான். போட்ட மோதிரத்தைத் தாலி ஏறுமுன் கழற்றினால் சம்பந்தமும் கழன்றுவிடும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. வெட்டினால் அதைவிடக் கேடு. அயலில் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று கையில் சீலைத் துண்டைச் சுற்றி, எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்தார்கள். காய்ச்சல் உண்மையாகவே வந்தது. குளிர் நடுக்கத்தோடு குலைப்பன் வந்து பல்லுக் கிட்டியபோது அப்பா கடலுக்குப் போகாமல் கார் பிடித்து வந்தார். அம்மாவும் மச்சாளும் என்னோடு ஏறினார்கள். அப்பா முன்சீற்றில் இருந்து ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சீலைத் துண்டை அவிழ்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். டொக்டரே திருப்பிக்கொண்டார். இது என்ன பசை என்று கேட்டார், அம்மா சொன்னார், அவர் நம்பவில்லை, திரும்பக் கேட்டார். பிறகு நகத்தைப் பிடுங்கிச் சீழை எடுக்கவேண்டும், அதற்கு முதல் மோதிரத்தை வெட்டவேண்டும், இப்போதே வெட்டாவிட்டால் விரல் அழுகிவிடும் என்றார். கையில் சின்ன ஒரு வெட்டுக் குறட்டை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா மச்சாளைப் பார்த்தார். மச்சாள், சவர்க்காரம் போட்டு இழுத்துப் பார்க்கலாமே என்றாள்.

அம்மா டொக்டரிடம் கேட்டார்: "மோதிரத்தை வெட்டாமல் ஒண்டும் செய்யேலாதோ ஐயா?"

காய்ச்சலிலும் எனக்கு அது நன்றாகக் கேட்டது. என்னைப் பெற்றவர் கேட்ட கேள்வி. விரலா மோதிரமா என்று வந்தபோது அவர் மோதிரத்துக்காகக் கெஞ்சினார். அந்தக் கறுத்த விரலைப் பார்த்தபோது வராத அருவருப்பு, அங்கே நின்ற முகங்களைப் பார்த்தபோது வந்தது. பாரிசில் படத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவனின் முகமும் அதற்குள் இருந்தது. இவ்வளவு காலமும் நான் ஆசைப்பட்ட முகம் அது. இனி அது எனக்கு வேண்டாம்.

"என்ரை விரல். நான் சொல்லுறன், வெட்டுங்கோ" என்றேன்.

குறடு கடித்தது. மோதிரம் வாய் பிளந்து கிண்ணத்துக்குள் விழுந்தது. அதற்குப் பிறகு டொக்டர் ஒட்டு நகத்தை இழுக்க, என் சொந்த நகமும் வேரோடு அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. பின்னால் சீழும் இரத்தமும் வந்தன. எல்லாம் ஒரே கிண்ணத்தில் கிடந்தது. வலிக்கிறதா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. மச்சாள்தான் முதலில் வாய் திறந்தாள், நேர்சைப் பார்த்து.

"மிஸ், அந்த மோதிரத்தை ஒருக்காக் கழுவித் தாங்கோ. பொற்கொல்லரட்டைக் குடுத்து ஒட்டிப் போடலாம், ஒருத்தருக்கும் தெரியாது."

நேர்ஸ் கிண்ணத்தை எடுக்கக் கையை நீட்டினார். நான் நல்ல கையால் அவரைத் தடுத்தேன்.

"கழுவவேண்டாம் மிஸ். கிண்ணத்திலை கிடக்கிறபடியே குடுங்கோ. மச்சாள், உங்கடை தம்பி என்ரை கை ஏன் அப்பிடிக் கிடக்கு எண்டு கேட்டவரெல்லோ? கொண்டுபோய்க் காட்டுங்கோ."

அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். மச்சாள் கைலேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினாள். கிண்ணத்தை அவள் தொடவில்லை.