சக்களத்திக்குப் பெட்ரோல்

இடுப்பு வரைக்கும் விமானத்துக்குள்ளும் மீதி வெளியேயுமாக அவள் குப்புறக் கிடந்தாள். வலது கை, சீட்டுக்குப் பின்னால் இருந்த இடுக்கில் முழங்கை வரை போய்ச் சிக்கியிருந்தது. விரல் நுனியில் தட்டுப்படுவது டேங்க்கின் வாயா, வேறு ஏதாவது இழவா என்று தெரியவில்லை. அந்த வார்த்தையை நினைத்த மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கணவரை வீட்டுக் கூடத்தில் கிடத்திவிட்டு அல்லவா வந்திருக்கிறாள்.

"அண்ணி, கெடச்சுதா?" என்று வெளியிலிருந்து கொழுந்தன் கத்தினார்.

"இன்னும் இல்ல தம்பி."

"என்னது?"

"இல்லன்னேன்!"

கொழுந்தனுக்குக் காது மந்தம். வாழ்நாள் முழுக்க என்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் வந்த வினை. தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்ற நினைப்பில் அவர் பேசும் பேச்சுக்கு 'மைக்செட்' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். விமானம் ஓட்டுவதில் கெட்டிக்காரர், ஆனால் ஆள் மலை மாதிரி. அவர் கை அந்த இடுக்கில் மணிக்கட்டோடு நின்றுவிடும். பெட்ரோல் நிரப்புவது என்றைக்கும் அண்ணன் வேலைதான். அந்த அண்ணன் இன்று விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து பழசாக வாங்கியது. டேங்க் ஒழுகியதால் கணவர் தானே புதிதாக ஒன்றைச் செய்து சீட்டுக்குப் பின்னால் பொருத்தினார். நூல் பிசகாத அளவு. ஒன்றைத்தான் மறந்துவிட்டார்: டேங்க்குக்கு வாய் என்று ஒன்று உண்டு, அதற்குள் ஊற்ற மனிதக் கை போக வேண்டும் என்பதை. வாய் பக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. "அடுத்த வருஷம் மாத்திடலாம்" என்பார். ஒவ்வொரு வருஷமும் அதே பேச்சுதான். அதனால் ஒருவர் உள்ளே குப்புறப் படுத்து, மணிக்கட்டை மடக்கி, குழாயை அந்த வாயில் சொருகிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் வெளியே நின்று, குழாயின் மறுமுனையிலிருக்கும் புனலில் கேனைச் சாய்க்க வேண்டும். அளவு காட்டும் முள் பேருக்குத்தான் இருந்தது. டேங்க் நிறைந்ததைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த விமானத்தை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. பெயர் சொல்லமாட்டாள், 'சக்களத்தி' என்றுதான் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமையானால் மனுஷன் சக்களத்தி வீட்டில்தான். கல்யாணமான புதிதில் அழுது பார்த்தாள், பிறகு சண்டை போட்டாள், பிறகு சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பத் தொடங்கினாள். ஒரே ஒரு நிபந்தனையோடு. "நீங்க பறங்க, உங்க தம்பி பறக்கட்டும். எம்பொண்ண மட்டும் அதுல ஏத்தக் கூடாது." மகள் சின்ன வயதில் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சியபோதும் அவர் வாக்கு மீறவில்லை. அதில் அவர் தங்கம்.

இப்போது அந்த மகள் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறாள். போன வார வெள்ளத்தில் பாலம் போய்விட்டது. சுற்றிக்கொண்டு வந்தால் நாளை ராத்திரியாகிவிடும். இந்தப் பக்கம் கரண்ட்டும் இல்லை, ஐஸும் இல்லை. உடம்பைச் சாயங்காலத்துக்குமேல் வைத்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் மகள் அழக்கூட இல்லை. "ஒரே ஒரு தடவ மொகத்தப் பாத்தாப் போதும்மா. சித்தப்பாவ அனுப்புங்க" என்றாள். இவள் கூடத்தில் கிடந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் "அனுப்புறேன்" என்றாள்.

அக்கரையில் பெட்ரோல் கிடையாது. போக, திரும்ப, எதிர்காற்றுக்கு என்று எல்லாவற்றையும் இங்கேயே நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும். "எந்தம்பி கூடத்துல கெடக்கான், இவ பெட்ரோல் ஊத்தப் போறாளாமா?" என்று பெரிய நாத்தனார் வாயில் கைவைத்தாள். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. விமானம் நிற்கும் கொட்டகையில் தொங்கிய கணவரின் வேலை உடுப்பை மாட்டிக்கொண்டு, கையையும் காலையும் மடித்துவிட்டுக்கொண்டு அவள் ஏறிப் படுத்துவிட்டாள்.

விரலில் வட்டமாக ஒரு விளிம்பு தட்டியது. குழாயை அதில் சொருகினாள்.

"ஊத்துங்க!"

"நிறுத்தணும்னா கால உதறுங்க அண்ணி. அண்ணன் அப்படித்தான் பண்ணுவாரு."

முதல் கேன் பாதிகூடப் போகவில்லை. குழாய் வழுக்கி, பெட்ரோல் ஜில்லென்று கையில் வழிந்தது. பதறிப்போய் இரண்டு காலையும் உதறினாள். செருப்பு ஒன்று பறந்துபோய்க் கொழுந்தனின் மார்பில் மோதியது.

"நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன்! அடிக்காதீங்க!"

வெளியே வந்தாள். சிந்தியதைத் துடைத்தார்கள். வாடை போகட்டும் என்று கதவுகளைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். அவள் பறந்த செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அண்ணி, வேணாம்னா விட்டுருவோம். பாப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

அவள் அந்த சீட்டையே பார்த்தாள். இந்த டேங்க்கை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் மகள் வரப்போகிறாள். நடுவானத்தில் தீர்ந்துபோனால்? இன்றைக்கு ஒரு சாவு போதாதா? அனுப்பாமலிருந்தால் மகள் அக்கரையில் பத்திரமாக இருப்பாள். ஆனால் ஆயுசு முழுக்க அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவளாக இருப்பாள். அதை எந்தத் தாய் சமாதானம் சொல்லித் தீர்க்க முடியும்?

கொழுந்தனின் காதருகே போனாள். "தம்பி, ஒளிக்காம சொல்லுங்க. இது தாங்குமா?"

அவர் வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் பேசினார். "முழுசா நெறஞ்சா போயிட்டு வந்துடலாம் அண்ணி, மிச்சமே இருக்கும். அரைகொறையா இருந்தா நானே வண்டிய எடுக்க மாட்டேன்."

"அப்ப முழுசாவே நெறைப்போம்."

கையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படுத்தாள். இந்தத் தடவை குழாயை ஆழமாகச் சொருகி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். இடுக்கின் தகர விளிம்பு முன்கையைக் கீறியது. எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். பார்க்க முடியாத இடத்தில் கண் எதற்கு?

முதலில் காலி வீட்டில் பேசுவது மாதிரி ஒரு சத்தம். கேன் மாற்றினார். சத்தம் கொஞ்சம் கனத்தது. இன்னொரு கேன். தினமும் குடத்தில் தண்ணீர் பிடிக்கிறவளுக்கு இது தெரியாதா என்ன? அரை தாண்டியது தெரிந்தது, முக்கால் தெரிந்தது. கழுத்துக்கு வந்ததும் சத்தம் மெலிந்து மேலேறத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம். பயத்தில் முன்னாலேயே நிறுத்திவிடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம். பிறகு ஒரே ஒரு காலை லேசாக அசைத்தாள்.

ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. மூடியை இரண்டு விரலால் திருகி, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

விமானம் மரங்களுக்கு மேலே ஏறிப் போனதும் வீட்டுக்கு வந்து கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "அந்தத் துணியவாவது மாத்துடி" என்றாள் நாத்தனார். "பொண்ணு வரட்டும் அண்ணி" என்றாள். வந்தவர்கள் கையைப் பிடித்தார்கள், ஆறுதல் சொன்னார்கள். எல்லாருக்கும் 'ம்' போட்டாள். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. காது கூரைக்கு மேலேயே இருந்தது.

வெயில் சாய்ந்த நேரத்தில் அந்தச் சத்தம் வந்தது. இத்தனை வருஷமாக எரிச்சலோடு கேட்ட அதே சத்தம். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

சித்தப்பாவின் தொளதொளத்த கோட்டோடு, காற்றில் கலைந்த தலையோடு மகள் உள்ளே ஓடிவந்தாள். யாரையும் பார்க்கவில்லை. அப்பாவின் கன்னத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு விம்மினாள். கூடம் அமைதியாக இருந்தது. அப்போது வாசலில் வந்து நின்ற கொழுந்தன் தன்னால் முடிந்த மட்டும் தணிந்த குரலில், தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னார்:

"அண்ணி! டேங்க்ல இன்னும் மிச்சம் இருக்கு!"

அவள் கணவரின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா? மிச்சம் இருக்காம். டேங்க்க எங்க கொண்டுபோயி வச்சிருக்கீங்க நீங்க? மனுஷன் வைக்கிற எடமா அது? அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொல்லியே என் தலையில கட்டிட்டுப் போயிட்டீங்களே." கண்ணீர் தாடையில் வழிந்தது, துடைக்கவில்லை. "பாலம் வர்ற வரைக்கும் இவ எப்படிப் போவா, எப்படி வருவா? இனிமே நாந்தான கைய விடணும்? நாந்தான?"

மகள் தலையைத் தூக்கி அம்மாவையும் அவள் போட்டிருந்த உடுப்பையும் பார்த்தாள்.

அவள் குனிந்து, கிடத்தியிருந்த கணவரின் சட்டைக் கையை முழங்கை வரை ஒதுக்கினாள். முன்கையில், ஒன்றன்மேல் ஒன்றாக, ஆறிப்போன கீறல்கள். தன் கையை நீட்டி அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவளுடையது ஒன்றே ஒன்றுதான், இன்னும் காயவில்லை.