நீலப் பட்டை

படகு கரையை விட்டு நகர்ந்ததும் நாத்தனார் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வசந்தம் வந்துவிட்டால் வீடு தங்காத அவள் கணவன் எத்தனையோ முறை கூப்பிட்டும் இருவரும் அந்த ஏரிக்கு வந்ததில்லை. இப்போது அவன் இல்லாமல் வந்திருக்கிறார்கள்.

போன வசந்தத்தில், நாரைக் கூடு பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. அவன் எடுத்துப்போன படகு மட்டும் நாணலுக்குள் காலியாகக் கிடந்தது. தேடாத இடமில்லை. கண்ணாடிக் கடையில் ஊராரின் பார்வையைச் சோதித்து லென்ஸ் மாட்டிக்கொடுக்கும் அவளுக்கு, படகைப் பார்த்த அன்றைக்கே மனசு விட்டுப்போயிற்று. அவன் தங்கைக்குத்தான் ஆறவில்லை. அண்ணன் ஏதோ கோபத்தில் எங்கேயோ இருக்கிறான், வந்துவிடுவான் என்று சொல்லிச் சொல்லியே நாளை ஓட்டினாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தையல் மெஷினை நிறுத்திவிடுவாள். அந்த நிசப்தம்தான் அண்ணிக்குப் பயம். இரண்டு பேரும் ஒரே சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், அவன் நிஜமாகவே கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல் முதுகு சில்லிடும்.

"அப்படி என்னதான் இருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம் அண்ணி" என்று நச்சரித்து அழைத்து வந்ததும் நாத்தனார்தான்.

தண்ணீருக்குள் நின்ற பட்டமரங்கள் முழுக்கக் கூடுகள். எச்சம் விழுந்து கிளைகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. காற்றில் மீன் நாற்றம். படகோட்டி துடுப்பை நிறுத்தினார்.

"இதுக்கு மேல போனா மிரண்டுடும்மா. இங்கேர்ந்தே பாருங்க. பழைய கூட்டைத்தான் திரும்பத் திரும்பச் சரிபண்ணிக்கும். குச்சி, கயிறு, கெடச்சதெல்லாம் வச்சுப் பின்னிடும்."

வீட்டில் கிடந்த அவனுடைய பழைய பைனாகுலரை அவள் கண்ணில் வைத்தாள். மங்கலாக இருந்த கூடு தெளிந்து வந்தது. மூன்று குஞ்சுகள், தலையில் விறைத்த மயிரோடு. அவற்றுக்குக் கீழே, குச்சிகளுக்குள் நுழைந்து, தொங்கிக்கொண்டிருந்தது ஒரு நீலத் துணிப்பட்டை. புது பைனாகுலரின் வார் கழுத்தை அறுக்கிறது என்று அவன் முனகியபோது நாத்தனார் தைத்துக் கொடுத்தது. ஓரத்தில் சிவப்பு நூலில் இரட்டைத் தையல். அன்றைக்கு அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் போனான்.

சொன்னால் படகோட்டி மரமேறி எடுத்துத் தந்துவிடுவார். கையில் வாங்கிவிட்டால் அப்புறம் வாசலில் எந்தச் செருப்புச் சத்தத்துக்கும் மெஷின் நிற்காது.

"என்ன அண்ணி தெரியுது?"

"குஞ்சுதான். மூணு."

"எங்கிட்ட குடுங்க."

கொடுக்காமலிருக்க ஒரு காரணம் தேடினாள். கிடைக்கவில்லை. "அந்தக் கடைசி மரத்தப் பாரு, அங்கதான் நெறைய இருக்கு" என்று கொடுத்தாள். பைனாகுலர் கடைசி மரத்துக்குப் போகவில்லை. கிளை கிளையாக மெல்ல நகர்ந்து வந்தது. பிறகு நின்றது. நின்றது நின்றதுதான். திருகை மட்டும் விரல் மெல்லத் திருப்பியது.

"திரும்பிடலாமாம்மா?" என்றார் படகோட்டி.

"கொஞ்சம் இருங்கண்ணே." நாத்தனார் கண்ணை எடுக்கவில்லை. பிறகு பைனாகுலரை மடியில் இறக்கிவைத்து, "ஆமா அண்ணி, மூணு குஞ்சுதான். வேற ஒண்ணும் இல்ல" என்றாள்.

அவள் நாத்தனாரின் முதுகில் கைவைத்தாள். ஏரியின் அக்கரையிலிருந்து பெரிய நாரை ஒன்று கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு பறந்து வந்தது. அலகில் ஒரு பச்சைக் குச்சி. கூட்டின் விளிம்பில் இறங்கிக் கழுத்தை மடித்து, அதை எங்கே செருகலாம் என்று பார்த்தபடி நின்றது.