துரைசானி சொன்ன ஏய்

மூன்றாம் நாளும் பால்காரர் அப்பாசாமியின் பசு எங்கள் வாசலில் நிற்காமல், கழுத்துமணி குலுங்கப் பசுண்டாங் வீதியோடு போய்விட்டது. மாடிப் படியில் ஹெல்மி அழுதுகொண்டிருந்தாள். பின்லாந்துக்காரி, ரங்கூனுக்கு வந்து எட்டு மாதம். புருஷன் வைனோ மரமில்லில் இஞ்சின் பார்ப்பவர். வயிற்றுப்போக்கில் துவண்டு இப்போதுதான் எழுந்த அவர்களின் இரண்டு வயது இர்யா, டின் பாலைக் கொடுத்தால் துப்பிவிடுகிறாள். பசும்பால் ஒன்றுதான் உள்ளே இறங்கும்.

கீழ்வீட்டில் இருக்கிறவள், அதிலும் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர், நான் சும்மா இருக்க முடியுமா? ஓடிப்போய் மாட்டை மறித்தேன்.

"தொரசானின்னா என்ன டீச்சரம்மா? கொசுறு ஊத்தட்டுமான்னு சொம்பக் காட்டி மரியாதையாத்தான் கேக்குறேன். தெனமும் 'ஏய்'ங்குது. எம் பொஞ்சாதிகூட என்னைய ஏய்னு கூப்புட்டதில்ல."

சாயங்காலம் வைனோவிடம் விசாரித்தேன். அவர்கள் பாஷையில் 'ஏய்' என்றால் 'வேண்டாம்' என்று அர்த்தமாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் காலையில் அப்பாசாமியை வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். வேண்டாம் என்பதற்கு உலகத்தில் வேறு வார்த்தையா இல்லை என்று கேட்டு மாட்டைத் தட்டி ஓட்டப் பார்த்தார். அப்போதுதான் இர்யா தகரக் குவளையோடு படியிறங்கி வந்தாள். அவர் முன்னால் அதை நீட்டி, "அன்னா" என்றாள்.

ஐம்பது வயது மனிதர் அப்படியே உருகிவிட்டார். "அண்ணாங்குது டீச்சரம்மா." முண்டாசை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே குந்திக் கறக்க ஆரம்பித்தார். அன்னா என்றால் அவர்கள் பாஷையில் 'கொடு'. மாடியில் நாள் முழுக்க அந்தச் சத்தம்தான், எனக்குத் தெரியாதா? சொல்லித் தொலைக்க எனக்கென்ன பைத்தியமா? ஹெல்மி என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஏய் என்றால் வேண்டாம் என்பதையும் அப்பாசாமி அன்றைக்கே நம்பிவிட்டார்.

ஒரு வாரத்தில் இர்யாவின் கன்னம் உப்பிவிட்டது. ஒரு நாள் காலை, மொகிங்கா என்கிற மீன்குழம்புச் சேவை விற்க வந்த பர்மாக்காரி மா டின்னிடமும் கையை நீட்டி "அன்னா" என்றாள். அப்பாசாமிக்குப் பொறுக்கவில்லை.

"பொம்பளைய அண்ணாங்கக் கூடாது தாயி. அக்கான்னு சொல்லு."

"அக்கா," என்றாள் இர்யா, தெருவே கேட்கும்படி.

அவர்கள் பாஷையில் அதற்குக் கிழட்டு மூதேவி என்று அர்த்தமாம். வைனோ பிறகு சொன்னார். ஹெல்மி முகம் சிவக்க, "ஏய், ஏய்" என்று படியிறங்கி ஓடிவந்தாள்.

அப்பாசாமி என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார். "கொசுறு வேண்டாங்கறாங்க. எனக்கு வெளங்கிருச்சு."

சொல்லிக்கொண்டே, குவளையில் நுரை வழிய ஊற்றினார். மா டின்னின் கூடையைச் சுற்றிச் சுற்றி, "அக்கா, அக்கா" என்று ஓடிக்கொண்டிருந்தாள் இர்யா.