மூன்றாவது ஜெபக் குறிப்பு

காலையிலிருந்து ஜைத்தூன்பீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஆரணியிலிருந்து முதல் பஸ் பிடித்து முள்ளிப்பட்டுக்கு வந்து, தறி வீட்டு ஆணியில் பையை மாட்டியவள், பக்கத்தில் ஒட்டியிருந்த சபையின் ஜெபக் குறிப்புத் தாளைப் படித்துவிட்டாள். அதோடு வாய் மூடிக்கொண்டது. பதினெட்டு வருஷமாகத் தறிக்காரர் அருள்தாஸுக்குப் பாவு பிணைக்கிறவள். வாய் ஓயாதவள்.

பாவு, அதாவது தறியின் நீள நூல்களைப் பிணைப்பது தனியாளாகச் செய்கிற வேலையில்லை. அருள்தாஸ் பழைய பாவின் இழை நுனியை எடுத்துக் கொடுக்க, எதிரே அவள் வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்டுப் புது இழையோடு முறுக்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. கோபமென்றால் ஆளுக்கொரு பக்கம் போய்விடலாம். ஒரு முழ தூரத்தில் நாளெல்லாம் முகம் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் எங்கே போவார்கள்?

மத்தியானத்துக்கு மேல்தான் கேட்டாள்.

"இன்னாண்ணா, மூணாவதுல போட்டுருக்கிற சண்டையில அவுங்க ஜெயிக்கணும்னா ஜெபம் பண்றீங்க?"

"சபையில குடுத்ததும்மா. வேதத்துல இருக்கிற ஜனம் அவுங்க."

"காசாவுல சாவுற புள்ளைங்க எதுல இருக்குதுங்க?"

அருள்தாஸ் இழையைத் தவறவிட்டார். காசா என்றால் அவருக்கு வேதத்தில் பலசாலி சிம்சோன் பெயர்த்துக்கொண்டு போன கோட்டைக் கதவு. அவளுக்கோ தினமும் போனில் வருகிற, வெள்ளைத் துணி சுற்றிய சின்னச் சின்ன உடல்கள். வரைபடத்தைக் கொடுத்தால் இருவருக்கும் அந்த ஊரைக் காட்டத் தெரியாது. ஆனாலும் இருவருக்கும் அது தாய்மாமன் ஊர் மாதிரி. தான் அந்தப் பிள்ளைகளை ஒருநாளும் நினைக்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. இவள் இனி வருவாளா என்று பயமாகவும் இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு, தறி போட்ட அந்த வீட்டிலேயே ஜெபக் கூட்டம். குறிப்புகளை வீட்டுக்காரர்தான் வாசிக்க வேண்டும். அதற்குள் முடித்துவிடலாம் என்று பார்த்தால், இன்னும் முந்நூறு இழை மிச்சம். பாதியில் எழுந்தால் குலைந்துவிடும். செய்யாரிலிருந்து பாஸ்டர் வந்துவிட்டார். எட்டுப் பேர் பாயில் உட்கார, அருள்தாஸ் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த தாளை எடுத்துக்கொண்டார். ஜைத்தூன்பீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு நுனியையும் தானே எடுத்துத் தானே முறுக்கினாள்.

"ஒண்ணு, எஸ்தர் அம்மாவோட ஆபரேஷனுக்காக. ரெண்டு, பரீட்சை எழுதுற புள்ளைங்களுக்காக." அருள்தாஸ் தறிப் பக்கம் பார்த்தார். "நாலு, மழைக்காக."

"மூணாவது உட்டுட்டீங்க பிரதர்," என்றார் பாஸ்டர் சிரித்தபடி.

தறிப் பக்கம் விரல்கள் நின்றுவிட்டன. மனைவி சரண்யா வேண்டாம் என்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

"அத்த நீங்களே சொல்லுங்க பாஸ்டர். எனக்கு வாய் வரல."

தாளைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தார். எட்டுத் தலைகளும் அவர் பின்னால் திரும்பின. பாஸ்டர் தாளை எடுத்து மூன்றாவது குறிப்பை மெதுவாக வாசிக்கத் தொடங்கினார். அருள்தாஸ் ஜைத்தூன்பீக்கு எதிரே உட்கார்ந்து, பழைய பாவிலிருந்து ஓர் இழையை எடுத்து நீட்டினார். அந்த ஜெபம் காதில் விழ, அவள் வாங்கவில்லை. சாம்பல் படிந்த விரல்களை மடியில் வைத்தபடி, அவர் கையிலிருந்த அந்த இழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.