கற்பூரம் போன பிறகு

காவோ வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தேயிலை வைத்திருந்த மண்பானையைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. பானையைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தேன்.

என் மகள் நிருஷா பிறந்த வருடம் சைனாடவுனில் வாங்கிய பூஏர் தேயிலை அது. சீனர்கள் தேயிலையை வட்டமாக அழுத்தி, வருடக்கணக்கில் வைத்துப் புளிக்கவிடுவார்கள். முதிர முதிரத்தான் மதிப்பு. நிருஷா இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பார்வைக்கு அது சாண வறட்டி மாதிரியே இருக்கும். என் கணவர் யோகேந்திரன் "உம்மட வறட்டி" என்றுதான் சொல்வார்.

வில்லரே பகுதியில் தேயிலைக் கடை வைத்திருக்கும் காவோ போன மாதம் பிரெஞ்சில் சொன்னார்: "மொன்றியலில் தேயிலை முதிராது, மேடம். ஹீட்டர் காற்றில் காய்ந்து செத்துப்போகும்." எனக்குச் சுருக்கென்றது. "என்னுடையது உயிரோடு இருக்கிறது. வீட்டுக்கு வந்து குடித்துப் பாருங்கள்" என்று சவால் விட்டுவிட்டேன். இத்தனை குளிர்காலமும் பானைக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்து அதைக் காப்பாற்றியவள் நான். அது செத்திருந்தால் என்னால் தாங்க முடியாது.

"இஞ்சாருங்கோ! என்ர தேயிலை எங்க?"

"சாமி அலுமாரியில" என்றார் யோகேந்திரன் சாவகாசமாக. "மாசியில குசினிப் பைப் ஒழுகினதெல்லோ? நனைஞ்சுபோகுமெண்டு எடுத்து வைச்சனான். சொல்ல மறந்துபோனன்."

எங்கள் வீட்டில் பெறுமதியானது எதுவும் கடைசியில் சாமி அலுமாரிக்குத்தான் போகும். பாஸ்போர்ட், தாலிக்கொடி எல்லாம் அங்கேதான். பூசை அவருடைய இலாகா என்பதால் நான் கீழ்த்தட்டைப் பார்ப்பதே இல்லை. ஓடிப்போய்த் திறந்தேன். தேயிலை வட்டு பத்திரமாக இருந்தது, கற்பூரப் பெட்டிக்கு மேலே!

தேயிலை பக்கத்திலிருக்கும் மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். முகர்ந்தேன். சாட்சாத் கோயில்.

"உங்களை நான் என்ன செய்யிறது?" என்று கத்தும்போதே கதவு மணி அடித்தது.

காவோ வந்து மேசையில் அமர்ந்தார். நான் ஊசியால் வட்டின் ஓரத்தை நெம்பி உதிர்த்து, கொதிநீர் ஊற்றி, முதல் தண்ணீரைக் கொட்டினேன்.

"என்னப்பா, சாயத்தைக் கொட்டுறீர்? அதிலதானே எல்லாம் இருக்கு!" என்று பதறினார் யோகேந்திரன்.

"அது கழுவின தண்ணி. பேசாமல் இருங்கோ."

அடுத்த ஊற்றைக் காவோ ஒரு மிடறு குடித்தார். கண்கள் விரிந்தன. "கற்பூர மணம்! மிகப் பழைய பூஏரில்தான் இது வரும். அபூர்வம், மேடம்!"

யோகேந்திரன் மேசைக்கடியில் என் காலைத் தட்டினார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். வென்றாயிற்று. ஆனால் வென்றது என் தேயிலையா, அவருடைய கற்பூரமா? அது உயிரோடு இருக்கிறதா என்று எனக்கே இன்னும் தெரியாதே! பொறுக்க முடியவில்லை. கற்பூரப் பெட்டியைக் கொண்டுவந்து காவோவின் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

அவர் பெட்டியை முகர்ந்தார். கோப்பையை முகர்ந்தார். முகம் தொங்கிப்போனது.

"ஊற்றிக்கொண்டே இருங்கள்" என்றார் பிறகு. "வெளியிலிருந்து வந்த மணம் போய்விடும். உள்ளே ஏதாவது இருந்தால் அது நிற்கும்."

ஊற்றினேன். மறுபடியும் கோயில். இன்னொன்று ஊற்றினேன், கோயில் கொஞ்சம் தூரப் போனது. அதற்கடுத்ததில் கற்பூரம் மருந்துக்கும் இல்லை. நிறம் மட்டும் வெளுக்கவேயில்லை, நல்ல கருஞ்சிவப்பு. குடித்தேன். ஈர மரத்தின் வாசனை, பேரீச்சம்பழம், விழுங்கிய பிறகு தொண்டைக்குள்ளிருந்து மெல்ல ஏறிவந்த ஓர் இனிப்பு. ஐயோ, உயிரோடுதான் இருந்தது! எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியும்விட்டேன்.

"களவா சீனி போட்டனீரோ?" என்று கேட்டுக்கொண்டே யோகேந்திரன் கோப்பையை மறுபடி நீட்டினார். பாலில்லாத தேத்தண்ணியைத் தொடாத மனுசன்.

காவோ தன் கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை குடித்துக் கீழே வைத்தார். பிறகு, என் தேயிலையோடு ஒப்பிட்டுக் காட்டவென்று கொண்டுவந்திருந்த தன் வட்டைப் பையிலிருந்து எடுத்து, இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினார்.

"இதையும் உங்கள் வீட்டில் வளர்ப்பீர்களா? கற்பூரத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்."

நான் பதில் சொல்வதற்குள் யோகேந்திரன் எழுந்து, கற்பூரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார்.