சூளையோரத்துச் சாப்பாட்டு டப்பா

சிமெண்ட் ஆலையின் சூளைக்காரர் இருபது வருடமாகத் தன் சாப்பாட்டு டப்பாவைச் சூளையோர இரும்புத் தகட்டில் வைத்துத்தான் சூடாக்குவார். போன மாதம் அதைப் பார்த்த மேலாளர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "இது என்ன ஆலையா, உன் வீட்டு அடுப்பங்கரையா?" மலை மலையாக நிலக்கரியைத் தின்னும் சூளையை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவுக்குத்தான் தடை. மனிதர் அன்றிலிருந்து ஆறிப்போனதைத்தான் விழுங்கினார்.

இந்த வாரம் கரிப்புகையைக் குறைக்கும் விஷயமாகத் தலைமையகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மாள் வந்தார். சூளையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சூடு வீணாப் போகுதே, இதை எதுக்காவது பயன்படுத்துறீங்களா?" என்று கேட்டார்.

மேலாளருக்குப் பேயறைந்த முகம். சட்டென்று சூளைக்காரரின் டப்பாவைப் பிடுங்கித் தகட்டில் வைத்தார். "பயன்படுத்துறோம் மேடம். இது முதல் கட்டம்."

அம்மாள் அதை நாலு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார். மறுநாளே தகட்டுக்கு மேலே பச்சைப் பலகை தொங்கியது: 'வீண்வெப்ப மீட்புத் திட்டம்'. பின்னாலேயே பாராட்டுக் கடிதமும் வந்தது. அடுத்த வருடம் மீட்பை இரண்டு மடங்காக்க வேண்டுமாம்.

மேலாளர் சூளைக்காரரைக் கூப்பிட்டார். "நாளையிலேருந்து ரெண்டு டப்பா கொண்டு வாய்யா."

வீட்டில் மனைவி இன்னொரு டப்பாவைத் தேடி எடுத்துத் துடைத்தாள். "இதுல என்னங்க வைக்கிறது?"

"ஒண்ணும் வேண்டாம், காலியாவே மூடிக் கொடு. அவங்க திட்டத்துக்குள்ளயும் அதுதான் இருக்கு."