புவனேந்திரன் சொன்ன ஓம்

"இண்டைக்கே கேள், பிள்ளை. செத்த வீட்டில ஒருத்தரும் ஏலாது எண்டு சொல்லமாட்டினம்."

வாய்க்கரிசித் தட்டை நீட்டியபடியே சந்திரகாந்தி மகள் கம்சனாவின் காதில் சொன்னாள். ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் மயான மண்டபத்தில், பெட்டிக்குள் கிடந்த புவனேந்திரன் வாழ்நாளில் முதல்முறையாகக் கோட்டுப் பொத்தான்கள் எல்லாவற்றையும் பூட்டியிருந்தார். வரிசையில் ஏழாவதாக மதிசுதன் நின்றான். வீட்டைப் பிடித்து வைத்திருப்பவன்.

கம்சனாவின் அப்பா புவனேந்திரனுக்கு எதற்கும் ஓம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு ஓம். தொலைக்காட்சியில் நாளைக்கு மழை என்றவளுக்கும் ஓம். வீடு திருத்தவென்று முழுக்காசும் வாங்கிய கொம்பனி பாதியில் முறிந்தபோது, அதன் கீழ் மாபிள் பதித்த மதிசுதன் வந்து கேட்டான்: "என்ர கூலியை அவங்கள் தராட்டி நீங்கள் தருவியளோ, அண்ணை?"

"ஓம், ஓம்," என்றார் அப்பா, அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு.

மதிசுதன் போட்ட வழக்கில் நீதிபதி அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் டொச்சு மொழிக்குப் பரிசு வாங்கிய கம்சனா எழும்பி, "யா," என்றாள். அகராதிப்படி சரிதான்; டொச்சில் யா என்றால் சம்மதம். மதிசுதனின் பெயர் கடன் கொடுக்கவேண்டியவனாக வீட்டின் காணிப் பதிவில் ஏறியது. அவன் கையெழுத்தில்லாமல் இனி விற்க ஏலாது.

அன்றோடு அப்பா ஓம் சொல்வதை விட்டார். தலையை மட்டும் ஆட்டினார். போன வியாழக்கிழமை, பாதி மாபிள் பதித்த குளியலறையில் விழுந்து செத்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் கதவுக்குப் பின்னால் ஓம் மறுபடி கேட்கத் தொடங்கியது. கம்சனா இரண்டு தரம் திறந்து பார்த்தாள். இரண்டாம் தரம், "சொறி அப்பா," என்று சாத்திவிட்டு வந்தாள்.

"தங்கச்சி, நான் அரிசி போடலாமோ?"

மதிசுதன்.

"போடுங்கோ அண்ணை." தொண்டையைச் செருமினாள். "அந்தப் பதிவை எடுத்துவிடுவியளோ? அம்மாவால அந்த வீட்டில இருக்க ஏலாது. விக்கோணும்."

அவன் பெட்டியையே பார்த்தான். மூக்கு நுனியில் ஒரு துளி நின்றது.

"ஓம்," என்றான். "ஓம், ஓம்."

எந்த ஓம் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் அரிசி போடக் குனிந்துவிட்டான்.

"என்னவாம்?" என்றாள் சந்திரகாந்தி.

"ஓமாம்."

தாய் மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

கடைசி ஆளும் விலகியபின், மண்டபத்தில் வேலைசெய்யும் யூலியா பெட்டியருகே வந்து, மூடலாமா என்று தாழ்ந்த குரலில் டொச்சில் கேட்டாள். எல்லோரும் கம்சனாவைப் பார்த்தார்கள். டொச்சில் பதில் சொல்வது எப்போதும் அவள்தான். இதற்கும் ஒரு யா போதும்.

யூலியா மூடியின் விளிம்பில் கைவைத்தபடி காத்திருந்தாள்.